யாருண்ணா அந்தப் பொண்ணு?

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. கவ்பாய் பீபாப், மடோகா மேஜிகா, அட்டாக் ஆன் டைட்டன் என்ற மூன்று அனிமேக்களின் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின்) கதை ரகசியங்களும் இதில் அங்கங்கே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு சண்டை நடக்கும். எபிசோடு முடிகிற கணத்தில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பிக்கும். அதற்குள் ரிமோட்டைப் பிடித்துச் சரியான பட்டனை அழுத்தினால்தான் எண்டிங், அதாவது பாட்டும் பெயர்ப்பட்டியலுமாக வரும் முடிவுப் பகுதி, முழுசாக ஓடும். இல்லாவிட்டால் பாட்டு ஒரு வரி பாடுவதற்குள் அடுத்த எபிசோடு வந்து உட்கார்ந்துவிடும். ரிமோட் எப்போதும் தங்கை கையில்தான்.

"வெறும் பேருதானே ஓடுது, அதுவும் ஜப்பான் எழுத்துல. உனக்கு அதுல ஒரு எழுத்தாவது தெரியுமாண்ணா?"

தெரியாது. ஆனாலும் பிடுங்கிவிடுவேன்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முடிவு வரை உட்காருகிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. தியேட்டரில் கடைசிச் சண்டை பாதியில் இருக்கும்போதே அப்பா இருட்டில் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். வண்டியை எடுக்கும் கூட்டத்தில் மாட்டக்கூடாது என்பது அவர் கவலை. நான் சின்ன வயதில் அனிமே பார்த்த சேனலிலும் இதே அவசரம்தான். கதை முடிந்த நொடியில் வெட்டிவிட்டு பிஸ்கட் விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். அனிமேவுக்கு முடிவுப் பாட்டு என்று ஒன்று உண்டு என்பதே கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஹாஸ்டலில், 2011இல். சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கவ்பாய் பீபாப் முழுசாக 26 எபிசோடும் இருந்தது, பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளைத் துரத்திக்கொண்டு விண்கப்பலில் சுற்றும் ஸ்பைக்கின் கதை. ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காதாக நானும் அறைத்தோழனும் முதல் எபிசோடு பார்த்தோம். முடிந்ததும் லேப்டாப்பை மூடப்போனவன் கை அப்படியே நின்றது. மாய் யமானே என்ற பாடகியின் குரல், கொஞ்சம் புகை படிந்த மாதிரி. திரையில் நிறமே இல்லை. மழை, ஒரு நகரம், துப்பாக்கிச் சண்டை, நாம் இப்போதுதான் பார்த்துமுடித்த ஸ்பைக், ஆனால் வேறு ஏதோ காலத்து ஸ்பைக். அப்புறம் ஒரு பெண். முதல் எபிசோடு முழுக்கத் தேடினாலும் அந்தப் பெண்ணைப் பற்றிய விளக்கம் கிடைக்காது. அவள் யார், ஏன் அவளைப் பார்த்தால் இந்த ஆளுக்கு வலிக்கிறது, ஒன்றும் தெரியாது. கடைசியில் கறுப்புத் திரையில் 'மறுபடி பார்க்கலாம், விண்வெளி கவ்பாய்' என்ற பொருளில் ஒரு வரி.

கதை அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். 5ஆம் எபிசோடில் ஒரு நினைவுத் துண்டு. 12, 13இல் ஜூலியா என்ற பெயரைக் கேட்டதுமே ஸ்பைக் கப்பலை விட்டுக் கிளம்புவான். அவள் கதையின் நிகழ்காலத்துக்குள் நடந்துவருவது 25இல். 26இல் செத்துப்போகிறாள். ஆனால் எண்டிங் முதல் வாரத்திலிருந்தே அவளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஒன்றரை நிமிடம், அதே படங்கள், அதே வரிசை. முதல் தடவை அது யாரோ இரண்டு பேரின் பழைய கதை. பத்தாவது தடவை ஒரு சந்தேகம். இருபதாவது தடவை பார்க்கும்போது ஸ்பைக் தினமும் தூங்கப்போகுமுன் மனதில் ஓட்டிப்பார்க்கும் படம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. எபிசோடில் சிரித்து, சண்டைபோட்டு, காசில்லாமல் நூடுல்ஸ் தின்றதெல்லாம் பகல். எண்டிங் ராத்திரி.

எனக்குச் சொல்ல இருப்பது அந்த ஹாஸ்டல் இரவில் தொடங்கியதுதான். நல்ல எண்டிங் வாரம் தவறாமல் மாறாமல் வரும். பார்க்கிற நாம்தான் மாறிக்கொண்டே போவோம். முதல் வாரத்தில் புரியாத படம் பத்தாவது வாரத்தில் அழவைக்க வேண்டும், அதில் ஒரு கோடுகூடத் திருத்தாமல். இதைச் செய்யக்கூடிய இடம் எண்டிங் ஒன்றுதான். ஓப்பனிங்கால் முடியாது. அதன் வேலை கூவிக் கூப்பிடுவது: வாங்க வாங்க, இந்த வாரம் பெரிய சண்டை இருக்கு. எண்டிங்குக்கு யாரையும் கூப்பிட வேண்டிய வேலையில்லை. வந்தவரை வாசல்வரை கொண்டுபோய் விடவேண்டும், அவ்வளவுதான்.

வாசல்வரை விடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பான் டிவியில் அரைமணி நேர இடத்தில், விளம்பரம் போக, ஏறக்குறைய 24 நிமிடம் அனிமேவுக்கு. அதில் ஓப்பனிங்குக்கு 90 விநாடி, எண்டிங்குக்கு 90 விநாடி. பாட்டு பெரும்பாலும் 89 விநாடிக்கு வெட்டப்படும், முன்னும் பின்னும் அரை அரை விநாடி மௌனம். வரைந்தவர், வண்ணம் பூசியவர், குரல் கொடுத்தவர், தயாரிப்புக் குழு என்று எல்லார் பெயரும் இதற்குள் ஓடி முடியவேண்டும். எழுத்து படத்தின் மேல் ஓடுவதால், கீழே படத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தால் இரண்டும் கெடும். அதனால் எண்டிங் இயல்பாகவே அடங்கின பிள்ளை.

காசும் ஒரு காரணம். டிவி அனிமேயில் சாதாரணமாக விநாடிக்கு எட்டுப் படமாவது வரைந்தால்தான் அசைவு அசைவாகத் தெரியும். ஒன்றரை நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 720 படம். ஒரு நீளமான ஓவியத்தை வரைந்து கேமராவை அதன் மேல் மெதுவாக நகர்த்தினால் ஒரு படத்தோடு வேலை முடிந்தது. கதாநாயகி பக்கவாட்டில் நடந்துகொண்டே இருக்கும் எண்டிங்குகளை எத்தனை பார்த்திருப்போம்! இரண்டு அடி எடுத்துவைக்கும் அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பின்னணியை மட்டும் நகர்த்துவார்கள். சிக்கனத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் அந்த நடைக்கு ஒரு தனி அழகு வந்துவிட்டது. கதைக்குள் ஓடி, பறந்து, உலகத்தைக் காப்பாற்றியவள் இப்போது வீட்டுக்கு நடந்துபோகிறாள். நமக்கும் அந்நேரம் வீட்டுக்குப் போகிற மனசுதான்.

அப்புறம், இந்தச் சின்ன இடத்தை ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட முடியும். 24 நிமிடக் கதையை ஒருவர் வரைய முடியாது. 90 விநாடியை முடியும். காகுயா சாமா என்ற தொடர் 2019இல் வந்தபோது 3ஆம் எபிசோடின் முடிவில் மட்டும் ஒரு தனி எண்டிங் போட்டார்கள். ஃபுஜிவாரா சிகா என்ற பெண் நின்ற இடத்தில் ஆடுவாள். நிஜமாக ஆடுபவரைப் படம்பிடித்து அதன் மேல் ஃப்ரேம் ஃப்ரேமாக வரையும் முறை அது. அதன் மூல அசைவுகளை நவோயா நகாயாமா என்ற ஓவியர் தனியாக வரைந்தார். பாவாடை மடிப்பு ஆட்டத்துக்கு அரைக்கணம் பின்தங்கி வருவதைப் பார்த்தால் தெரியும், ஒருவர் இதில் எவ்வளவு நேரத்தைக் கொட்டியிருக்கிறார் என்று. அடுத்த வாரம் அது இல்லை. அந்த ஒரு ஒன்றரை நிமிடம்தான். தொடரின் கதையில் சிகாவின் நடனத்துக்கு எந்த அவசியமும் கிடையாது, அதுதான் அதன் அழகு. ஃப்ரீரென் என்ற தொடரின் எண்டிங்கிலும் இப்படி ஒரு தனிக் கை தெரியும். ஹோஹோபுன் என்ற கலைஞர் செய்தது, தொடரின் ஓவியப் பாணியோடு ஒட்டாமல் ஒருவர் தன் நோட்டுப்புத்தகத்தில் வரைந்துவைத்தது மாதிரி இருக்கும்.

சரி, படத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பாட்டு எப்போது நுழைகிறது?

சாதாரணமாகக் கதை முடியும், ஒரு கணம் வெட்டு, அப்புறம் பாட்டு. 1987இல் சிட்டி ஹண்டர் இதை வேறுமாதிரிச் செய்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் துப்பறிவாளனும் அடியாளும் கலந்த ஒரு வேலை பார்க்கும் சாயபா ரியோவின் கதை. எபிசோடின் கடைசிக் காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ரியோ ஏதோ அசடு வழிந்துகொண்டிருப்பான் அல்லது யாரையோ வழியனுப்பிக்கொண்டிருப்பான். அந்தப் பேச்சுக்கு அடியில் டிஎம் நெட்வொர்க்கின் 'கெட் வைல்ட்' பாட்டின் தொடக்க இசை மெல்லக் கசிந்து வரும். இரண்டு மூன்று வசனம் அதன் மேலேயே போகும். பிறகுதான் படம் உறைந்து குரல் தொடங்கும். எண்டிங் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தேவையும் இல்லை. காட்சியிலிருந்து பாட்டுக்குக் கடக்கும் அந்த இருபது விநாடியில் வேலை முடிந்துவிட்டது. கதை நம்மைக் கையைப் பிடித்துப் பாட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது, பள்ளிக்கூட வாசலில் அம்மா டீச்சரிடம் விடுவதுபோல.

இந்த உத்தியைச் சிரிப்பாகவும் பண்ணலாம் என்று காட்டியது 2012இல் வந்த ஜோஜோ என்ற தொடர். யெஸ் என்ற ஆங்கில இசைக்குழு 1971இல் போட்ட 'ரவுண்ட்அபவுட்' பாட்டைத்தான் எண்டிங்காக எடுத்துக்கொண்டார்கள். பின்னோக்கி ஓட்டிய பியானோ ஒலி ஒன்று பெருகிவந்து கிடார் தொடங்கும். யாரோ யாரையோ குத்தப்போகும் கணத்தில் அந்தக் கிடார் வரும், படம் பழைய புகைப்படம் மாதிரி நிறம் மாறி உறையும், ஓரத்தில் அம்புக்குறி போட்டு 'தொடரும்' என்ற வாசகம். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில், கதாநாயகி கதவைத் திறந்ததும் அடைப்புக்குறிக்குள் தொடரும் என்று போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்களே, அதே அயோக்கியத்தனம். பிறகு இணையம் முழுக்க, சைக்கிளிலிருந்து விழப்போகிறவர்கள், மாடு முட்டப்போகிறவர்கள் எல்லார் மீதும் அந்தக் கிடாரை ஒட்டிச் சிரித்தார்கள். அந்தப் பாட்டு எந்தத் தொடரில் வந்தது என்று தெரியாதவர்கள்கூட.

எனக்கு இந்த உத்தி நெஞ்சில் இறங்கியது அனோஹனாவில்தான். 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை, மொத்தம் 11 எபிசோடு. சைதாமாவின் சிசிபு ஊரில், சின்ன வயதில் ஒன்றாகச் சுற்றிய ஆறு பேர். அதில் மென்மா என்ற சிறுமி செத்துப்போனாள். மீதி ஐந்து பேரும் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் கசந்துபோயிருக்கிறார்கள். ஒருநாள் மென்மா திரும்பி வருகிறாள், ஒருவன் கண்ணுக்கு மட்டும். எண்டிங் பாட்டு புதியது இல்லை. ஸோன் என்ற சப்போரோ பெண்கள் இசைக்குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்டது. கோடை விடுமுறை முடிந்து பிரியும் நண்பர்கள், பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்பிக்கொள்ளும் பாட்டு. அதைச் சரியாகப் பத்தாவது வருடத்தில் எடுத்து, தொடரில் பேசும் மூன்று நடிகைகளையே பாடவைத்தார்கள். முதல் பாட்டைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த ஜப்பானியருக்கு அந்த எண் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தப் பழைய பாட்டே தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் உடைந்துபோகும் கணத்தில், அவர்கள் பேசி முடிப்பதற்கு முன்பே, அந்தத் தொடக்க இசை நுழையும். ஏழாவது வாரம் வந்தபோது, அறைத்தோழன் அந்த முதல் ஸ்வரத்துக்கே எழுந்து முகம் கழுவப் போய்விடுவான். தூசி விழுந்துவிட்டதாம்.

மடோகாவும் அதே வருடம்தான். ஜனவரியில் தொடங்கியது. இளஞ்சிவப்புத் தலைமுடியும் ரிப்பனுமாக, குழந்தைகள் பார்க்கும் மந்திரச் சிறுமி கதை மாதிரி இரண்டு எபிசோடு போகும். மூன்றாவதில் மாமி என்ற அக்கா, எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தவள், ஒரு கணத்தில் கொல்லப்படுகிறாள். அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கும்போது காலஃபினா இசைக்குழுவின் 'மேஜியா' பாட்டு எண்டிங்காக முதன்முறை வருகிறது. கனத்த இசை, கறுப்பு நிழலுருவமாக நடக்கும் கதாநாயகி மடோகா. இரண்டு வாரமாக ஒளித்துவைத்திருந்த முகத்தைத் தொடர் அப்போதுதான் காட்டுகிறது. முதல் எபிசோடிலேயே இந்த எண்டிங்கைப் போட்டிருந்தால் ரகசியம் அங்கேயே செத்திருக்கும்.

இதைவிடப் பெரிய வித்தை 10ஆம் எபிசோடில். அதுவரை ஓப்பனிங்காக வந்துகொண்டிருந்த 'கனெக்ட்' பாட்டு அந்த வாரம் தொடக்கத்தில் வராது. மடோகாவின் சந்தோஷப் பாட்டு என்றுதான் ஒன்பது வாரமாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஹொமுரா என்ற தோழி அவளைக் காப்பாற்ற அதே காலத்தை எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருக்கிறாள் என்பதைப் பார்த்து முடித்தபின், கடைசியில் அதே பாட்டு ஓடுகிறது. இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது, தலையிலிருந்து காலுக்கு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே புரிகிறது: இது ஹொமுராவின் பாட்டு, முதல் நாளிலிருந்தே அவளுடையதுதான். அந்த எபிசோடு வந்த வாரத்திலேயே, மார்ச் 11 அன்று, கிழக்கு ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும். கடைசி இரண்டு எபிசோடுகளும் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை தள்ளிப்போயின. அந்த இடைவெளி முழுக்க எங்கள் காதில் இருந்தது அந்தப் பாட்டுத்தான்.

அட்டாக் ஆன் டைட்டன் இரண்டாம் பருவத்தின் எண்டிங் இன்னொரு ரகம். 2017இல் வந்தது. குழந்தைக் குரல் மாதிரி ஒலிக்கும் ஒரு பயமுறுத்தும் பாட்டு, பழைய சுவரோவியங்கள் மாதிரிப் படங்கள். பார்த்தவர்கள் ஏதோ கலைப்படம் காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கடந்தோம். அப்புறம் அடுத்த பருவத்தில் அந்த உலகத்தின் வரலாறு வெளிவந்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் பன்னிரண்டு வாரம் கண்முன்னால் விரித்துவைத்திருந்திருக்கிறார்கள். பொக்கிஷத்தை எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடத்தில் ஒளித்துவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இதை வியக்கிறேனே தவிர, பீபாப் மாதிரி நேசிக்க முடியவில்லை. விடுகதைக்கு விடை தெரிந்தபின் மறுபடி பார்க்கும் ஆசை குறைந்துவிடுகிறது. ஜூலியா யார் என்று தெரிந்தபின் ஆசை கூடத்தான் செய்தது.

இங்கே நண்பன் ஒருவனோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2022இல் செயின்சா மேன் வந்தபோது 12 எபிசோடுக்கும் 12 எண்டிங் போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு பாடகர், வேறு படம். எய்மரிலிருந்து மாக்ஸிமம் தி ஹார்மோன்வரை. "ஒரு தொடருக்கு ஒரு டஜன்! இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?" என்றான். தனித்தனியாகப் பார்த்தால் அதில் பாதி அபாரமானவை. அனோ பாடிய 7ஆம் எபிசோடு எண்டிங்கை, எதைப் பற்றிய பாட்டு என்று தெரிந்தும் (வாந்தி, வேறென்ன) பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற விருந்தாளியோடு பழக்கம் எங்கிருந்து வரும்? பாட்டும் படமும் நம்மோடு வாரக்கணக்கில் குடியிருந்தால்தானே ஒருநாள் அதே முகம் வேறாகத் தெரியும்? அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எபிசோடின் மனநிலைக்கும் தனியாகத் தைத்த சட்டை என்கிறான். அளவு சரிதான். எனக்குப் பழைய சட்டைதான் பிடிக்கும் போல.

பாட்டு ஒன்றாக இருந்து குரல் மாறினால்? அதையும் 1995இலேயே எவாங்கெலியன் செய்துவிட்டது. பார்ட் ஹோவர்ட் 1954இல் எழுதிய 'ஃப்ளை மீ டு தி மூன்', எபிசோடுக்கு எபிசோடு வேறு குரலில், வேறு தாளக்கட்டில். படம் அதேதான்: நிலா, தண்ணீர், மெல்லச் சுழலும் ரே என்ற சிறுமியின் உருவம். உள்ளே பிள்ளைகளின் மனசு நொறுங்கிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு காதல் பாட்டு, ஹோட்டல் வரவேற்பறையில் ஒலிக்கிற மாதிரி மென்மையாக. பாதிப்பேருக்கு அது பொருந்தவே இல்லை என்ற எரிச்சல். எனக்கு அந்தப் பொருந்தாமைதான் பிடித்தது. உலகம் நம் துக்கத்தைக் கவனிக்காமல் பாடிக்கொண்டே இருக்கும் இல்லையா? 2019இல் இந்தத் தொடர் உலகம் முழுக்க ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் பாட்டு இல்லை. உரிமை விவகாரம். பதிலுக்குத் தொடரின் பின்னணி இசையிலிருந்து ஒரு பியானோத் துண்டைப் போட்டுவிட்டார்கள். சோகக் கதைக்குச் சோகப் பியானோ, ரொம்பச் சரியாகப் பொருந்தியது. அதனால்தான் தட்டையாகிப் போனது.

சில எண்டிங் டிவிப்பெட்டியை விட்டு இறங்கி ஊருக்குள் நடமாட ஆரம்பித்துவிடும். சஸாய்-சான் என்ற குடும்பத் தொடர் 1969 அக்டோபரிலிருந்து ஜப்பானில் ஓடுகிறது, ஞாயிறு மாலை ஆறரைக்கு. அதன் எண்டிங்கில் குடும்பம் மொத்தமும் வரிசையாக ஒரு சின்ன வீட்டுக்குள் ஓடிப்போகும், வீடு குலுங்கும். முன்பெல்லாம் கடைசியில் சஸாய் ஒரு தின்பண்டத்தை மேலே தூக்கிப்போட்டு வாயில் பிடித்து விக்குவாள். பிள்ளைகள் பார்த்துச் செய்தால் ஆபத்து என்று 1991இல் அதை மாற்றினார்கள். இப்போது நம்மோடு கல், காகிதம், கத்தரி விளையாடுவாள். அந்தப் பாட்டு கேட்டால் ஞாயிறு முடிந்தது, நாளை அலுவலகம் என்று வயிற்றைக் கலக்கும் உணர்வுக்கு ஜப்பானியர் 'சஸாய்-சான் நோய்க்குறி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நம் கெட் வைல்ட். வேலை முடிந்து அலுவலகக் கதவைத் தாண்டும் கணத்தில் காதில் அந்தப் பாட்டை ஓடவிட்டு, தன் நாளுக்கே எண்டிங் போட்டுக்கொண்டு நடப்பது அங்கே இளைஞர் பலருக்கும் ஒரு விளையாட்டு. 'கெட் வைல்ட் தைகின்' என்பார்கள். தைகின் என்றால் பணி முடித்துக் கிளம்புதல். நானும் செய்து பார்த்தேன். லிஃப்ட் நாலாவது மாடியில் நின்று மேனேஜர் ஏறினார். பாட்டு வீண்.

பீபாப்புக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மாறாத ஒன்றை எப்போது உடைப்பது என்பதிலும் அதுதான் வாத்தியார். இயக்குநர் ஷினிசிரோ வதனபே, இசை யோகோ கன்னோ. 26 எபிசோடில் அந்த எண்டிங் இரண்டு முறை மட்டும் வராது. சரியாக நடுவில், 13இல், பனி விழும் ஊரின் கதை முடிந்து ஒருவன் சாகும்போது 'ஸ்பேஸ் லயன்' என்ற நீண்ட சாக்ஸஃபோன் இசை. அப்புறம் கடைசி எபிசோடில். அந்தக் கடைசி இரண்டு எபிசோடுகளுக்கும் எண்டிங் பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள், 'தி ரியல் ஃபோக் ப்ளூஸ்'. ஆனால் 26இன் முடிவில் அந்தப் பாட்டு கிடையாது. ஸ்பைக் படிக்கட்டில் விழுகிறான். வேறு பாட்டு தொடங்குகிறது, 'ப்ளூ', அதே மாய் யமானே குரலில். கேமரா மேலே போகிறது, கட்டடத்தைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, நட்சத்திரம்வரை. அங்கே ஒரு நட்சத்திரம் அணைகிறது. வழக்கமான வழியனுப்பு வரிக்குப் பதிலாக, அந்தச் சுமையை இனி நீ தூக்கித்தான் ஆகவேண்டும் என்று ஒரு வரி. மழை, கறுப்பு வெள்ளை நகரம், ஜூலியா, எதுவும் இல்லை. நினைத்துப்பார்க்க ஆள் இல்லாதபோது நினைவு எப்படி ஓடும்? இருபத்துநான்கு முறை காட்டியதால்தான் அந்த ஒரு முறை காட்டாதது அப்படி அடிக்கிறது. இது இப்போது உட்கார்ந்து எழுதும்போது கோர்வையாக வருகிறது. அன்றைக்கு ஹாஸ்டலில் ஃபைல் கெட்டுப்போய்விட்டதா, எண்டிங் எங்கே என்றுதான் முதலில் கேட்டேன்.

இந்த வருடம் தங்கையோடு பீபாப்பை மறுபடி ஆரம்பித்தேன். வழக்கமான ரிமோட் சண்டையோடுதான். முதல் எபிசோடு முடிந்து, பட்டனை அழுத்தி எண்டிங்கை ஓடவிட்டதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருண்ணா அந்தப் பொண்ணு?"

"பாரு, வருவா."

"எப்போ?"

"பாரு."

கடுப்பாகி எழுந்து போனாள். ஐந்தாவது எபிசோடுக்கு அப்புறம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள், ரிமோட்டையும் என் பக்கம் நகர்த்திவைத்தாள். 13இல் பாட்டு மாறியபோது திரும்பி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று 24 முடிந்தது. எட் என்ற சிறுமியும் நாயும் கப்பலை விட்டுப் போய்விட்டார்கள். ஸ்பைக்கும் கூட்டாளி ஜெட்டும் பேசாமல் வேகவைத்த முட்டையை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பேசவில்லை. எண்டிங் ஓடியது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து எட்டிப்பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்ல வந்தவர் அணைக்கச் சொல்லாமலே போனார்.

பாட்டு முடிந்ததும் தங்கைதான் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை மிச்சம் ரெண்டையும் சேத்துப் பாத்துடலாம்ணா. ஆனா கடைசிப் பாட்ட மட்டும் அவசரப்பட்டு நிறுத்திடாத. அந்தப் பொண்ணு மொகத்த இன்னொரு தடவை நல்லாப் பாக்கணும்."

சரி என்றேன்.